முழங்கால் மூட்டு மாற்று: பெண்கள் தேறுவது ஏன் தாமதமாகிறது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண்கள் சீக்கிரம் நடமாடுகிறார்கள், பெண்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை. சிகிச்சையால் கிடைக்கும் முன்னேற்றம் இருபாலருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் பெண்களில் பலர் வலி முற்றி, தொடைத் தசை மெலிந்த பிறகே வருகிறார்கள். அதனால் முடிவில் எட்டும் நிலையும் சற்றுக் குறைகிறது. "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்தே வருஷங்கள் ஓடிவிடும்.

மருத்துவர்களின் பார்வையும் ஒரு காரணம். கனடாவில் 2008இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு மூட்டுத் தேய்மானம் உள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 71 மருத்துவர்களிடம் தனித்தனியே சென்றனர். ஆணுக்கு மட்டும் இந்த அறுவையைப் பரிந்துரைத்தவர்கள் 42 சதவீதம். பெண்ணுக்கு மட்டும் பரிந்துரைத்தவர்கள் 8 சதவீதம்.

ஆகவே, மாடிப்படி ஏற அம்மா தயங்கும்போதே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவைக்கு முன்பே தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கலாம். வீடு திரும்பியபின் முதல் சில வாரங்கள் அடுக்களையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பயிற்சிக்கும் நடைக்கும் மட்டும் லீவு கிடையாது. வீட்டு வேலை அவற்றுக்கு ஈடாகாது.