எழுத்து ஏன் இடவலம் மாறியிருக்கிறது?

சென்னை ராயபுரத்தில் உள்ள பழைய இரும்புக் கடையில், இடவலம் மாறிய எழுத்துகளோடு ஒரு தகடு கிடைத்தால் அது அச்சுத் தகடாக இருக்கலாம். தாளில் பதியும்போது எழுத்து நேராகிவிடும்.

எந்த வகைத் தகடு என்று எப்படி அறிவது? விரலால் தடவுங்கள். எழுத்து மேடாக இருந்தால், மேட்டில் மை ஏறும் ‘பிளாக்’. பள்ளமாக இருந்தால், மை பள்ளத்தில் தங்கும். ஈரத்தாளை வைத்து அழுத்தினால் தாள் அதை இழுத்துக்கொள்ளும். லென்ஸில் பாருங்கள்: பள்ளக் கோட்டின் முனை கூர்ந்து மெலிந்தால் உளி செதுக்கியது, மழுங்கியிருந்தால் அமிலம் அரித்தது.

செம்பா, துத்தநாகமா? எடையைக் கன அளவால் வகுங்கள். கன சென்டிமீட்டருக்குச் செம்பு 8.96 கிராம், துத்தநாகம் 7.1.

1761இல் புதுச்சேரியிலிருந்து வந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் இயங்கிய நகரம் இது. அதனால் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நுண்கோடு அழிந்தால் அச்சு வரலாற்றின் சான்றும் அழியும்.