இரும்பைத் தண்ணீரில் கழுவினால்தான் துருப்பிடிக்காதா? கருமருந்துத் துப்பாக்கியின் வெந்நீர்க் குளியல்!

இரும்புல தண்ணி பட்டா துருப்பிடிக்கும். இது ஸ்கூல் பாடம். ஆனால், அமெரிக்காவில் கருமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், சுட்டு முடித்த அன்றைக்கே அதன் குழலைச் சோப்புத் தண்ணீர் வாளியில் இறக்கிவிடுகிறார்கள். கேட்டால், ‘அப்படிச் செய்யாவிட்டால்தான் துருப்பிடிக்கும்’ என்கிறார்கள். இது எப்படி?

அது என்ன துப்பாக்கி?

‘மசில்லோடர்’ என்பது அதன் பெயர். இதில் ரெடிமேட் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, நீளமான கம்பியால் அடிவரை கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் இதே வேலைதான். நம்மூரில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அது இந்த வகைதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 1933-ல் தொடங்கப்பட்ட தேசிய மசில்லோடர் ரைபிள் சங்கம், இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகளை நடத்திவருகிறது. பல மாநிலங்களில் இந்தத் துப்பாக்கிக்குத் தனி மான் வேட்டை சீசனே உண்டு. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சீசனில், சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி உண்டாக்கும் பழைய ரகத்துக்கு மட்டும்தான் அனுமதி.

எண்ணெய் போட்டால் போதாதா?

இன்றைய துப்பாக்கிகளில் இருப்பது புகையில்லா மருந்து. அது எரிந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.

கருமருந்தின் கதை வேறு. அதில் சுமார் 75% வெடியுப்பு, 15% கரி, 10% கந்தகம். எரிந்த பிறகு எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மீதி குழலுக்குள் கறுப்புப் படிவமாக ஒட்டிக்கொள்ளும்.

பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஆனால், அதில் பெரும்பகுதி உப்பு! பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு என்று எல்லாம் பொட்டாசிய உப்புகள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்தப் படிவமும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர உப்பு இரும்போடு ஒட்டிக்கிடந்தால் என்ன ஆகும்? ஈரப்பதம் அதிகமான ஊரில் ஒரே ராத்திரியில் துரு கிளம்பிவிடும். குளிர்கால வேட்டையில் இன்னொரு சிக்கல்: வெளிக்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் குழலின் மேல் பனித்துளி படியும்.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். படிவத்தின் மேல் எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைத்ததாகத்தான் அர்த்தம். அடியில் அரிப்பு தொடரும்.

1857-க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. நாலைந்து முறை சுட்டாலே படிவம் கெட்டியாகி, அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். இதைச் சமாளிக்கத்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். ‘தடவியிருப்பது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும்’ என்று சிப்பாய்களிடையே பேச்சு பரவியது. ஏற்கெனவே குவிந்திருந்த பல கோபங்களோடு அதுவும் சேர்ந்துகொள்ள, 1857 மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. அந்தக் கொழுப்புக்கு வேலை வைத்தது இதே கறுப்புப் படிவம்தான்.

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

1. உள்ளே மருந்து இருக்கிறதா? முதல் வேலை இதுதான். கம்பியைக் குழலின் அடிவரை இறக்கி, வாயருகே அடையாளம் போடுவார்கள். பிறகு அதே கம்பியைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அது குழலின் அடிப்பகுதி வரை எட்டாவிட்டால், உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெளியேற்றப்படும் வரை அடுத்த வேலைக்குப் போகமாட்டார்கள்.

2. வாளிக் குளியல். கழற்றக்கூடிய குழல் என்றால், அடிப்பக்கத்தை வெந்நீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் கலந்த வாளியில் நிறுத்துவார்கள். கம்பி முனையில் துணியைச் சுற்றி மேலும் கீழும் இழுத்தால், சைக்கிள் பம்ப் போலத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, குழலின் அடியில் இருக்கும் தீத்துளை வழியாக உள்ளே வந்து போகும். தண்ணீர் மை போலக் கறுக்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். அது சல்ஃபைடின் வேலை. குழலைக் கழற்ற முடியாத ரகமென்றால், தீத்துளையைப் பல் குத்தும் குச்சியால் அடைத்துவிட்டு, வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவார்கள்.

3. அலசல். நல்ல தண்ணீரில் தெளியும் வரை அலச வேண்டும். சூடான தண்ணீர் என்றால் இரும்பும் சூடேறிச் சீக்கிரம் உலரும். ஆனால், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உடனே லேசான துரு படர்வதும் உண்டு என்பதால், சிலர் வெதுவெதுப்பான நீரே போதும் என்கிறார்கள்.

4. உலர்த்துதல். உலர்ந்த துணியை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, ஈரமில்லாமல் வரும்வரை துடைப்பார்கள். விசைப் பகுதியை டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள்.

5. கடைசியில்தான் எண்ணெய். மெல்லிய பூச்சு போதும். மறுநாள் வெள்ளைத் துணியை மீண்டும் உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் முதலில் இருந்து எல்லாம் ஒருமுறை. அடுத்த தடவை சுடும் முன் இந்த எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நனைந்து, தீப்பிடிக்காமல் போகலாம்.

‘டயர்டா இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டால்? துரு அரித்துக் குழலுக்குள் சிறு குழிகள் விழும். அந்தக் குழிகளில் அடுத்த முறை இன்னும் அதிகமாக உப்பு தங்கும், அரிப்பு ஆழமாகும். விழுந்த குழியை எந்த எண்ணெயாலும் சரிசெய்ய முடியாது.

முதல் ஸ்டெப் ஏன் இவ்வளவு முக்கியம்?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 18-ம் நூற்றாண்டு பீரங்கி ஒன்று இருந்தது. 1780-ல் மூழ்கிய எச்.எம்.எஸ். ஹஸார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. 2013 ஜனவரியில் ஊழியர்கள் அதைச் சுத்தம் செய்தபோது, உள்ளே குண்டும் மருந்தும் கெட்டித்தபடியே இருந்தன. உடனே போலீஸ் வரவழைக்கப்பட்டு, மருந்து பத்திரமாக அகற்றப்பட்டது. கருமருந்துக்கு எக்ஸ்பைரி டேட் கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கழித்தும் வெடிக்கும்.

நம் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால்?

தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று ஆர்வத்தில் தூக்கிவந்து துடைக்க ஆரம்பிக்காதீர்கள். வாளியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இந்தியாவில் இந்த வகைத் துப்பாக்கியும் 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அதைவிட முக்கியம், கடைசியாகக் கையில் எடுத்தவர் மருந்து கெட்டித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.