இடமில்லாத இடத்தில் சூப்பர்சார்ஜர்

மோட்டார் வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்த அன்பர்கள் அறிவார்கள். அங்கே கையை நுழைப்பதற்கே இடம் தேடவேண்டும். அத்தகைய நெருக்கடியில் கனமான புதிய கருவியொன்றை எங்கே வைப்பது? 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்குக் கண்ட விடை சுவையானது.

பெண்ட்லி கம்பெனியின் நாலரை லிட்டர் கார் உறுதிக்குப் பேர்போனது. பந்தய வீரர் டிம் பர்க்கினுக்கோ அதன் வேகம் போதவில்லை. சூப்பர்சார்ஜர் பொருத்தவேண்டும் என்றார். எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகளால் காற்றையும் பெட்ரோலையும் என்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி அது. சிலிண்டரின் அளவு மாறாமலே மிகுதியான கலவை எரியும், சக்தி பெருகும்.

காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பெண்ட்லிக்கு இம்முறை அறவே பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமாயின் பெரிய என்ஜினைச் செய்வதே நேர்வழி என்பது அவர் கொள்கை. எனினும் கம்பெனித் தலைவர் உல்ஃப் பார்னட்டோ இசைந்தார்; டாரதி பேஜெட் என்னும் சீமாட்டி பர்க்கினுக்குப் பொருளுதவி செய்தார். ஆயினும் கருவிக்கு இடம் தருவதற்காக என்ஜினின் அமைப்பை மாற்றப் பெண்ட்லி உடன்படவில்லை. ஆகவே ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜர் பானெட்டை விட்டே வெளியேறியது! ரேடியேட்டருக்கும் முன்னால், கிராங்க் ஷாப்ட்டின் நுனியில் அதனைப் பொருத்தினார்கள்.

இதில் நன்மை இல்லாமலில்லை. கிராங்க் ஷாப்ட்டே அதைச் சுழற்றியது. என்ஜினின் வெப்பமும் நேரே தாக்கவில்லை. ஆனால், முகப்பில் பாரம் ஏறியதால் வளைவுகளில் வண்டி எளிதில் திரும்ப மறுத்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கார்புரேட்டர்கள் இரண்டிற்கும் காப்புக் கவசம் வேண்டியதாயிற்று. கலவையோ நீண்ட குழாய் வழியே பின்னோக்கிப் பயணம் செய்யவேண்டும். கருவி நுழையுமா என்று மட்டும் அளந்து பார்ப்பவர்கள் இவற்றையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

சாதாரணக் காரில் 110 குதிரைச் சக்தி 175 ஆயிற்று. பந்தயக் காரில் 240 வரை உயர்ந்தது. 1930-இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் ஓடிய இத்தகைய கார்கள் இரண்டும் இடையிலேயே பழுதாகி நின்றன. முதலிரு இடங்களையும் பெற்றவை பெண்ட்லி விரும்பிய பெரிய என்ஜின் கார்களே! பொறியியல் வழக்கில் தீர்ப்பு அவர் பக்கந்தான் என்பேன். ஆனால் அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், இலகுவான கார்களுக்கிடையே அந்தப் பளுவான வண்டியை ஓட்டி, பர்க்கின் இரண்டாமிடம் பெற்றார்.

2019-இல் பெண்ட்லி கம்பெனி, பர்க்கினின் பழைய பந்தயக் காரைப் பிரித்து அளந்து, அதே அச்சில் 12 கார்கள் செய்வதாக அறிவித்தது. அவற்றிலும் சூப்பர்சார்ஜருக்கு இடம் ரேடியேட்டருக்கு முன்னால்தான்.