விராலுக்கு ரப்பர் தவளை

கடையில் மினுங்கும் செயற்கை இரைகள் பலவும் வட அமெரிக்காவின் பாஸ் மீனுக்காக உருவானவை. மதுராந்தகம் ஏரியில் பாஸ் கிடையாது. அதைப்போலவே பதுங்கிப் பாயும் விரால் உண்டு. புதிதாகப் பழகுபவர் நிறத்தைப் பார்த்து வாங்குவதைவிட, விரால் இருக்கும் இடத்தைப் பார்த்து வாங்குவதே சரி. காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால், கோரையும் பாசியும் மண்டிய கரையோர ஆழமற்ற நீரிலும் அது தாக்குப்பிடிக்கும். அங்கே முள் வெளியே தொங்கும் இரையை வீசினால் பாசிதான் சிக்கும். உள்ளீடற்ற ரப்பர் தவளையில் இரட்டை முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் இலைமேல் வழுக்கி வரும். விரால் கவ்வி உடலை அமுக்கினால்தான் முள் வெளிப்படும். அதனால் தண்ணீர் தெறித்ததுமே சுண்டாதீர்கள், ஒரு கணம் பொறுங்கள்.

உயிர்த் தவளையே மேல் என்பார்கள். மீன் அதை நம்புவது உண்மைதான்; ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் போகிறது, ரப்பர் தவளையோ பலமுறை உழைக்கும். மீன்பிடி உரிமை குத்தகையில் இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். நீர்மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அடியில் தாய் தந்தை காவல் இருக்கும். அங்கே மட்டும் தூண்டில் வீசாதீர்கள்.