பாவனை முறையில் செவிலியர் திறன் மதிப்பீடு

பாவனை முறைத் திறன் மதிப்பீடு என்பது, நோயாளிக்குப் பதிலாக மனித பொம்மையையோ பயிற்சி பெற்ற நடிகரையோ வைத்து, ஒரு செவிலியர் பாதுகாப்பாகப் பணிசெய்ய வல்லவரா என்று பார்க்கும் தேர்வு முறையாகும். மருந்தின் அளவைத் தாளில் சரியாகக் கணக்கிடும் ஒருவர், அதைக் கொடுக்கும் முன் நோயாளியின் கையிலுள்ள அடையாளப் பட்டையைப் பார்ப்பாரா என்பது எழுத்துத் தேர்வில் தெரியாது. வார்டில் சோதித்துப் பார்க்கலாம் என்றால், அங்கே நேரும் தவறு நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வரலாறு

செவிலியர் கல்விக்குப் பொம்மை புதிதல்ல. 1911இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்கு 'திருமதி சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மை வந்துவிட்டது. ஆனால் அது பழகுவதற்கான பொம்மை. தேர்வுக்கான வடிவத்தை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் மருத்துவ மாணவர்களுக்காக வகுத்தனர். தேர்வர்கள் பல நிலையங்களுக்கு வரிசையாகச் சென்று, குறித்த நேரத்துக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்வார்கள். 'ஆஸ்கி' எனப்படும் இம்முறை பின்னர் செவிலியர் கல்விக்கும் வந்தது.

நடைமுறை

ஐக்கிய இராச்சியத்தில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர்கள் கணினித் தேர்வுடன் ஆஸ்கியிலும் தேற வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் படித்து அங்கு வேலைக்குச் செல்வோருக்கு இது பழகிய பெயர். 2021இல் மாற்றியமைக்கப்பட்ட தேர்வில் 10 நிலையங்கள் உள்ளன. நோயாளியின் நிலையை அறிதல், பராமரிப்பைத் திட்டமிடல், செயல்படுத்தல், விளைவை மதிப்பிடல் ஆகியவற்றுக்கு நான்கு. செய்முறைத் திறன்களுக்கு நான்கு. தொழில் நெறிக்கும் ஆய்வுச் சான்றுகளைப் பயன்படுத்துவதற்கும் இரண்டு.

மருந்து கொடுக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். கை கழுவுதல், பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்தல், ஒவ்வாமை உண்டா என விசாரித்தல், மருந்து, அளவு, நேரம், வழி ஆகியவற்றைப் பார்த்தல், கொடுத்ததைக் குறித்துக் கையொப்பமிடல் என ஒவ்வொன்றையும் மதிப்பீட்டாளர் பட்டியலில் குறித்துக்கொள்வார். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின் எழுதப்பட்டிருந்தால், அதைக் கொடுக்காமல் நிறுத்தி, எழுதிய மருத்துவரிடம் தெரிவிப்பதே சரியான செயல். மற்றவற்றையெல்லாம் பிழையின்றிச் செய்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடும் தேர்வரை வெறும் கூட்டல் மதிப்பெண் காப்பாற்றிவிடக்கூடும். அதனால்தான், தவறினால் தேர்ச்சியே இல்லை என்ற வகையில் சில படிகளைத் தனியே வைப்பது அவசியமாகிறது.

ஒரு நிலையத்தில் சிறப்பாகச் செய்தவர் அடுத்ததிலும் அப்படியே செய்வார் என்று சொல்ல முடியாது. நிலையங்கள் பலவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஒரே செயலைப் பார்க்கும் இரு மதிப்பீட்டாளர்கள் வெவ்வேறு மதிப்பெண் தருவதும் உண்டு. இதைக் குறைக்க, பதிவுசெய்த காணொளிகளுக்கு மதிப்பெண் இட்டு, ஒப்பிட்டுப் பழகுகிறார்கள்.

பாவனைப் பயிற்சியும் பாவனைத் தேர்வும் ஒன்றல்ல. இவற்றைக் குழப்பிக்கொள்வோர் அதிகம். அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களுக்கான தேசியக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றப்பட்டபோதும் மாணவர்களின் திறன் குறையவில்லை. அது கற்பித்தலைப் பற்றிய முடிவு. பயிற்சியில் தவறு நேர்ந்தால் முடிந்ததும் உட்கார்ந்து பேசித் திருத்தலாம். தேர்வில் தேர்ச்சியா தோல்வியா என்பதே கேள்வி.

ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல். பாவனைத் தேர்வு மூன்றாம் படியை அளக்கிறது. இரவுப் பணியில், யாரும் பார்க்காத நேரத்தில், அதே செவிலியர் கை கழுவுகிறாரா என்பது நான்காம் படி. அதை வார்டில் உடன் பணியாற்றும் மூத்த செவிலியர்கள் பல நாட்கள் கவனித்தே சொல்ல முடியும்.