வங்கி தொடாத மனை

சம்பளம் வரத் தொடங்கியதும் ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்ற நினைப்பு, கடல் கடந்து அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களையும் விட்டுப் போகவில்லை. அங்கே வளர்ந்த இளைஞர் ஒருவர் இதுவரை கடனே வாங்காதவர் என்றால் அவருக்குக் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இராது. வங்கி தயங்கும். உடனே அவர் கண் போவது, ரொக்கத்துக்கு மலிவாகக் கிடைக்கும் துண்டு நிலத்தின் மீது. அவர் நிதானிக்க வேண்டிய இடம் அதுதான். யார் கேட்டாலும் வங்கி கடன் தராத நிலத்தை, அந்தத் தீவுகளில் ரொக்கம் கொடுத்தும் வாங்கக் கூடாது.

காரணம் நிலச் சட்டத்தில் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர் என்றாலும் பெரும்பகுதி காடு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நிலம் பெறுவதைத் தடுக்கிறது. மிச்சமிருப்பதும் நம் ஊர்ப் பட்டா நிலம் போன்றதல்ல: 1966ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைப்படி நிலம் அனைத்தும் மத்திய அரசுடையது, குடியிருப்பவரிடம் இருப்பது அரசு வழங்கிய அனுபோக உரிமையோ உரிமமோ மட்டும். நிலம் குறைவு, தேவை அதிகம் என்பதால் காட்டோரத்தில் ஆக்கிரமிப்புகள் முளைத்தன. 1978க்குப் பிந்தைய வன ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முத்திரைத்தாளில் எழுதிக் கைமாறும் மனையில் வாங்குபவருக்கு மிஞ்சுவது விற்றவரின் வாய்ச்சொல். வாய்ச்சொல்லை வங்கி அடமானமாக ஏற்காது.

‘வங்கி மறுப்பது என் மதிப்பெண் இல்லாததால்தானே, மனையில் என்ன குறை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சோதிக்கவும் வழி உண்டு. நல்ல மதிப்பெண் உள்ள அண்ணனோ அத்தானோ அதே மனையைக் காட்டிக் கேட்டால் கடன் கிடைக்குமா? கிடைக்காது என்றால் குறை பத்திரத்தில். கிடைக்கும் என்றால் குறை உங்கள் கணக்கில், அது சரியாகக்கூடியது. மதிப்பெண் இல்லை என்பதை மட்டும் வைத்து முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு என்று நிதி அமைச்சகம் 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்காக வங்கி கட்டாயம் கொடுக்கும் என்றில்லை. வைப்புத்தொகையை அடமானமாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டின் நிலுவையைத் தவறாமல் கட்டி வந்தாலே கடன் வரலாறு உருவாகத் தொடங்கும்.

அதற்குள் விலை ஏறிவிடும் என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் உரிமையில்லாத நிலத்தின் விலை ஏறினாலும் அதைச் சட்டப்படி விற்க முடியாதே! சொத்துச் சந்தையில் கால் பதிக்கத்தான் ஆசை என்றால் ரீட் (REIT) எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளின் யூனிட்டுகள் உண்டு. இந்தியாவில் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் ரீட் 2019இல் முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது. 2021 முதல் பங்குச் சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய் போதும், சிபில் யாரும் கேட்பதில்லை. பகிரத்தக்க வருவாயில் 90 சதவீதமாவது யூனிட்தாரருக்குப் போயாக வேண்டும். விலை இறங்கவும் செய்யும். அதில் குடியிருக்கவும் முடியாது. ஆனால் முன்பணம் சேர்க்க அது ஓர் இடம். 30 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 30 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையிலிருந்து குறைந்தது 3 லட்சம் வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக அதற்கு மேல்.