ராஜா முன்னே, சிப்பாய் பின்னே

வார இறுதி ரேட்டிங் போட்டிகளில் முன்வரிசை பலகைகளை விட்டுவிட்டுக் கடைசி மேஜைகள் பக்கம் போய்ப் பாருங்கள். மணிக்கணக்கில் மல்லுக்கட்டி, யானை குதிரையெல்லாம் வெட்டுப்பட்டு, இரண்டு ராஜாக்களும் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாயும்தான் மிச்சம். வெள்ளை ஆடுபவர் 'ஜெயிச்சாச்சு' என்று சிப்பாயை விறுவிறுவெனத் தள்ளுவார். பத்து நகர்த்தலில் டிரா.

ஏன் அப்படி? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7. நடுவே ஒரு கட்டம் காலி. ராஜாக்கள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கக் கூடாது. எனவே யாருடைய முறையோ அவர் வழிவிட்டே ஆக வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை ஆப்போசிஷன் என்பார்கள்.

கருப்பின் முறை என்றால் கருப்புக்குத் தோல்வி. டி7 போனால் வெள்ளை ராஜா எஃப்6-க்குள் நுழையும். எஃப்7 போனால் டி6-க்கு. அங்கே போய்விட்டால் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால் டிராதான்.

இப்போது சிப்பாயை மட்டும் இ3-ல் வைத்துப் பாருங்கள், வெள்ளையின் முறை. இ4 என்று ஒரு தட்டு. முறை கருப்பிடம் போய்விட்டது, வெள்ளைக்கு வெற்றி. அவசரப்பட்டுத் தள்ளுபவர் தொலைப்பது இந்தக் கையிருப்பு நகர்த்தலைத்தான்.

கருப்பு ஆடுபவருக்கும் ஒரு பாடம் உண்டு. சிப்பாய் இ6 வந்து நிற்க, வெள்ளை ராஜா டி5-ல், உங்கள் ராஜா இ7-ல் இருந்தால் நேர் பின்னால் இ8-க்குப் போங்கள். டி8 என்று சாய்ந்தால் போச்சு. இ8-ல் நின்றால், வெள்ளை ராஜா டி6, உங்கள் ராஜா டி8, சிப்பாய் இ7 செக், ராஜா மறுபடி இ8. வெள்ளை ராஜா இ6 வந்து சிப்பாயைக் காத்தால் உங்களுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளி.

1921-ல் உலக சாம்பியனான கியூபாவின் காபாபிளாங்கா, அதே ஆண்டு வெளியிட்ட பாடநூலை ஓப்பனிங்கில் தொடங்கவில்லை. காய்கள் குறைந்த முடிவாட்டத்தில்தான் தொடங்கினார். நம்மவர்கள் சிசிலியனைப் பதினைந்து நகர்த்தல் மனப்பாடம் செய்துவிட்டு இங்கே வந்து அரைப் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள். அடுத்த முறை கடைசி யானைகளை வெட்டிக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள்: என் ராஜா சிப்பாய்க்கு முன்னே போய் நிற்குமா, சிப்பாய்க்கு ஒரு நகர்த்தல் மிச்சமிருக்குமா? இரண்டும் இல்லையென்றால் யானையை வைத்துக்கொண்டே ஆடுங்கள்.